தூண்டில், தூண்டிற்கோல்: சொல் விளக்கம்

தூண்டில் என்பது மீன் பிடிப்பதற்காக இரை கோத்து நீரில் இடும் கருவியின் பெயர். கோல், நரம்பு (நைலான் இழை), தக்கை, ஈயம், முள் ஆகிய எல்லாம் சேர்ந்த முழுக் கருவியையும் இச்சொல் குறிக்கும்; அவற்றுள் முள்ளை மட்டும் குறிப்பதும் உண்டு. இராமநாதபுரம் கரையில் இன்று பெரும்பாலும் காதில் விழுவது இரண்டாவது பொருளே. கடையில் "தூண்டில் குடுங்கண்ணே" என்று கேட்டால், "எத்தனாம் நம்பர்?" என்று கேட்டு முள்ளைத்தான் எண்ணித் தருவார்கள். கோல் வேண்டுபவர் 'ராடு' என்று கேட்க வேண்டியிருக்கிறது. இணைய விற்பனைப் பக்கங்களோ அதனை 'மீன்பிடி கம்பி' என்று எழுதுகின்றன. கம்பி என்பது உலோகத்தை இழுத்து நீட்டியது. மூங்கிலில் செய்த ஒன்றை அப்பெயரால் அழைப்பது பிழை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தூண்டு என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர் தூண்டில். திரியை மேலே தள்ளிச் சுடரை ஏற்றுவதைத் தூண்டுதல் என்கிறோம். அவ்வாறு ஏற்ற வேண்டாத கோயில் விளக்கு தூண்டா விளக்கு. அடங்கிக் கிடக்கும் ஒன்றை வெடுக்கென எழச் செய்வது இவ்வினையின் உட்பொருள் என்று கொண்டால், மீன் கொத்தியவுடன் கோலை மேலே சுண்டும் கையசைவு இப்பெயருக்கு நன்றாகவே பொருந்துகிறது. மலையாளத்தில் இக்கருவிக்குச் சூண்ட என்று பெயர்.

பழைய இலக்கியத்தில் இச்சொல் முதன்மையாக எதனைக் குறித்தது என்பதே இங்கே நின்று பார்க்கத்தக்கது. குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், தினைப்புனம் காப்பவர் வீசிய கவணின் ஒலிக்கு வெருண்ட காட்டு யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. அது "மீன்எறி தூண்டிலின் நிவக்கும்" என்கிறார் புலவர். மீனைக் கவர்ந்தெறியும் தூண்டில் போல விசையோடு நிமிர்கிறது என்பது பொருள். இவ்வாறு நிமிர்வது முள் அன்று, கோல். அப்புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்னும் பெயரே அவ்வுவமையால் வந்து நிலைத்துவிட்டது.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பச்சை இறைச்சியை இட்ட தோல்பையைத் தோளில் மாட்டிய பாண்மகன் ஒருவன், "நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண்" கொளுவி மீன் பிடிக்கிறான். கழை என்பது மூங்கில். நாண் என்பது கயிறு. முள்ளுக்கு அங்கே "கொடுவாய் இரும்பு" என்று தனிப்பெயர் உண்டு. அவனுடைய இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீன், பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டு, அதைக் கோலின் நிழலென எண்ணி அஞ்சுகிறது. இரும்பின் கூர்மையைக் காட்டிலும் கோலின் நிழலே அந்த மீனின் நினைவில் தங்கியது என்பதைப் படிக்கும்தோறும் வியப்பாக இருக்கிறது. திருக்குறளும் (931) "தூண்டிற்பொன்" என்றே சொல்கிறது. பொன் என்றால் அங்கே இரும்பு. தூண்டிலின் இரும்பு என்று சொல்லும்போது, தூண்டில் முழுமையும் இரும்பு அதன் உறுப்புமாக நிற்பதைக் காணலாம்.

அப்படியிருக்க, கடற்கரையில் இப்பொருள் ஏன் முள்ளளவில் சுருங்கியது? தொழில் முறையே காரணம் என்பது என் கருத்து. மேற்கண்ட பாணர் ஆற்றிலும் குளத்திலும் பிடித்தவர்கள். வள்ளத்தில் இருந்துகொண்டு கைத்தூண்டில் இடும் கடலோடிக்குக் கோல் தேவையில்லை. நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிட்டு, கொத்துவது மீனா, பாரில் (கடலடிப் பாறையில்) முள் உரசுகிறதா என்பதை விரல் நுனியிலேயே அறிந்துகொள்கிறார். நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலிலும் கோல் இல்லை. கடலரிப்பைத் தடுக்கக் கல்லடுக்கிக் கட்டும் அமைப்புக்குத் 'தூண்டில் வளைவு' என்று அரசு ஆவணங்களில் வழங்கும் பெயரும் முள்ளின் வளைவையே மனத்தில் கொண்டது.

கோல் பயன்படும் இடம் கரை. தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வடகடல் (பாக் விரிகுடா) ஆழம் குறைந்து, அலை தணிந்து கிடப்பதால், இறங்குதுறையில் நின்று கிழங்கானோ ஓராவோ பிடிப்பதற்கு மூங்கில் கோல் போதும். பனையும் உடைமரமும் நிறைந்த இக்கரையில் மூங்கில் விளைவதில்லை. வெளியூரிலிருந்து வருவதை விலைக்கு வாங்க வேண்டும். உட்பொந்து மிகுதியாக உள்ள பெருமூங்கிலை விடுத்து, கெட்டியான கல்மூங்கிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடி கட்டைவிரல் பருமனும் நுனி சுண்டுவிரலினும் மெலிந்தும் உள்ள, எட்டு முதல் பத்தடி நீளக் கழி ஏற்றது. இளங்கழி உலரும்போது சுருங்கி, விரைவில் உளுத்துப் போகும். மூன்றாண்டு முற்றியதே நிற்கும். கணுக்களைச் சீவி, நிழலில் நிறுத்தி உலர்த்தி, கோணல் உள்ள இடத்தைத் தணலில் வாட்டிச் சூடு ஆறும்வரை நேராகப் பிடித்திருந்தால் கோல் நிமிர்ந்துவிடும். நரம்பை நுனியில் மட்டும் முடிந்து நிறுத்தாமல், கோலோடு ஒட்டிக் கீழிறக்கிக் கைப்பிடிக்கு மேலும் ஒரு கட்டுப் போடுவது நல்லது. பெரிய பாரை மீன் இழுத்து நுனி முறிந்தாலும், நரம்பு கையில் நிற்கும்.

இனி, நேர்ச்சொல். அகநானூற்றின் 216ஆம் பாட்டு "நாண்கொள் நுண்கோலின் மீன்கொள் பாண்மகள்" என்று தொடங்குகிறது. கயிறு கட்டிய மெல்லிய கோலால் மீன் பிடிக்கும் பெண் அவள். 'ராடு' என்பதற்குக் கோல் என்னும் சொல் அங்கேயே ஆயத்தமாக இருக்கும்போது புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டியதில்லை. தூண்டில் என்பதோடு கோல் சேர்ந்தால், தூண்டிற்பொன் போலவே லகரம் றகரமாகித் தூண்டிற்கோல் என்றாகும். பேச்சில் 'தூண்டில் கம்பு' என்பதும் பொருத்தமானதே. முள்ளைத் தனித்துச் சொல்லும்போது தூண்டில் முள் என்று எழுதினால், பழைய முழுப்பொருள் தூண்டிலுக்குத் திரும்பக் கிடைக்கும். தங்கூசி என்றும் நரம்பு என்றும் வழங்குவதை அப்படியே கொள்ளலாம். நாண் என்பது இன்று வில்லோடு நின்றுவிட்டது. மூங்கில் கோலுக்கு 'ரீல்' கிடையாது. கடையில் வாங்கும் கோலைப் பற்றி எழுதுபவர் ரீலை நரம்புச் சுருளி என்று குறிக்கலாம்.