கருவி விளக்கம்: டூல் டிஸ்கிரிப்ஷனுக்கு ஏற்ற தமிழ்

பெங்களூரு மென்பொருள் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் இதை 'டூல் டிஸ்கிரிப்ஷன்' என்றே சொல்கிறார்கள். ஏஐ முகவர், அதாவது நாம் சொல்லும் வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ, ரயில் தேடவோ பணம் அனுப்பவோ ஒரு நிரலை அழைக்கிறது. அந்த நிரல்தான் 'டூல்'. அந்த நிரல் என்ன செய்யும், எப்போது அழைக்கலாம், எதைக் கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்று முகவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திதான் அது. நிரலின் பெயர், இந்தப் பத்தி, உள்ளீட்டுப் பட்டியல் ஆகிய மூன்று மட்டுமே முகவரை இயக்கும் மொழி மாதிரிக்குத் தெரியும். உள்ளே ஓடும் நிரல்வரிகளை அது பார்ப்பதில்லை. மாதிரி நிரல்களை அழைப்பதற்காக ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் கொண்டுவந்த 'ஃபங்ஷன் காலிங்' வசதியிலும், ஏஐயைக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறையிலும் இதுவே அமைப்பு.

'டூல்' என்பதற்குத் தமிழ் தேட வேண்டியதில்லை. 'பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும் இருள்தீர எண்ணிச் செயல்' என்கிறது குறள் 675. கருவி அன்றே செயலுக்கு உரிய ஐந்தில் ஒன்று. இந்தச் சொல்லுக்கு இன்னொரு பழம்பொருளும் உண்டு: 'கருவி தொகுதி' என்கிறது தொல்காப்பிய உரியியல். ஏஐ வேலையில் இந்தப் பொருளும் நினைவில் இருப்பது நல்லது. ஏனென்றால் முகவர் எந்தக் கருவியையும் தனியாகப் படிப்பதில்லை; தொகுதியாகவே படிக்கிறது. 'ரயில் தேடு', 'பயணம் தேடு' என்று இரண்டு கருவிகள் இருந்து, இரண்டின் பத்தியும் ஒன்றுபோல் இருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தும் முகவர் மாற்றி எடுக்கும்.

சிக்கல் 'டிஸ்கிரிப்ஷன்' என்பதில்தான். லத்தீனில் அதன் மூலப்பொருள் 'எழுதி வைத்தல்'. அதை 'வருணனை' என்று பெயர்த்தால், ஒன்று எப்படி இருக்கிறது என்று சொல்வது மட்டுமே ஆகும். எப்போது எடுக்க வேண்டும் என்பது அதில் வராது. 'கருவிக் குறிப்பு' சுருக்கமாக இருப்பதால் பலருக்குப் பிடிக்கும். எங்களுக்கு ஒப்புதல் இல்லை. தமிழில் குறிப்பு என்பது சொல்லாமல் உணர்த்துவது. மிச்சத்தைக் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். ஊகிக்க விடக்கூடாத இடம் இது. விளங்கு, விளக்கு, விளக்கம் என்று வரும் சொல்லே பொருந்தும். 'கருவி விளக்கம்' என்று எழுதுங்கள். நடுவே ஒற்று மிகாது.

'ரயில் தகவல்களைத் தரும்' என்று ஒரே வரியில் எழுதினால் என்ன ஆகும்? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் 'பெங்களூருவிலிருந்து ஈரோடு' என்று கேட்கிறார். முகவர் ஊர்ப் பெயரை அப்படியே அனுப்புகிறது. கருவி நிலையக் குறியீட்டை எதிர்பார்ப்பதால் காலிப் பட்டியல் திரும்புகிறது. 'ரயில் இல்லை' என்று முகவர் உறுதியாகப் பதில் சொல்லிவிடுகிறது. இதையே இப்படி எழுதலாம்:

'இரண்டு நிலையங்களுக்கு இடையே, ஒரு குறிப்பிட்ட நாளில் ஓடும் ரயில்களையும் காலி இருக்கைகளையும் தேடும். முன்பதிவோ ரத்தோ செய்யாது. இரு நிலையங்களுக்கும் குறியீடு தேவை. ஊர்ப் பெயர் செல்லாது. பயணி பெங்களூரு என்று மட்டும் சொன்னால் எந்த நிலையம் என்று கேட்கவும்: கேஎஸ்ஆர் என்றால் எஸ்பிசி, யஷ்வந்த்பூர் என்றால் ஒய்பிஆர், விஸ்வேஸ்வரய்யா முனையம் என்றால் எஸ்எம்விபி. தேதி 2026-01-13 என்ற வடிவில், இன்றிலிருந்து 60 நாளுக்குள் இருக்க வேண்டும். காலிப் பட்டியல் வந்தால் அன்று நேரடி ரயில் இல்லை. பிழைச் செய்தி வந்தால் தேடலே நடக்கவில்லை.'

கடைசி இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருக்க வேண்டும். தவறான குறியீட்டுக்கும் கருவி காலிப் பட்டியலையே அனுப்பினால், விளக்கத்தைத் திருத்திப் பயனில்லை. நிரலைத்தான் திருத்த வேண்டும்.

அலகும் அப்படித்தான். நம் நாட்டுப் பேமெண்ட் கேட்வேக்களில் தொகையைப் பைசாவில் கேட்பவை உண்டு. 'தொகை' என்று மட்டும் எழுதினால் முகவர் 500 என்று அனுப்பும். போவது 5 ரூபாய். உள்ளீட்டின் பெயரையே 'தொகை_பைசாவில்' என்று வைத்து, '₹500 என்றால் 50000' என்ற எடுத்துக்காட்டையும் சேர்க்க வேண்டும்.

நீளம்? ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாக்கியங்கள் வேண்டும். ஆனால் எல்லாக் கருவிகளின் விளக்கமும் ஒவ்வொரு அழைப்போடும் மாதிரிக்குப் போவதால், ஒவ்வொரு வரிக்கும் டோக்கன் (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) செலவு உண்டு. கருவியைத் தேர்ந்தெடுக்கவோ உள்ளீட்டை நிரப்பவோ உதவாத வரியை நீக்குங்கள். எந்தத் தரவுத்தளம், யார் எழுதியது என்பவை அங்கே வேண்டாம். 'எழும்பூர் என்றால் எம்எஸ்' போன்ற வரி இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் மக்கள் கேட்கும் விதத்திலேயே இருபது கேள்விகளை எடுத்து ஓட்டிப் பாருங்கள். அதில் குறைந்தது ஐந்து, இந்தக் கருவியை அழைக்கவே கூடாத கேள்விகளாக இருக்கட்டும்: 'என் டிக்கெட்டை ரத்து செய்' என்பதுபோல. பதிலைப் படிப்பதோடு நிற்காமல், லாகை, அதாவது அழைப்புகளின் பதிவைத் திறந்து எந்தக் கருவிக்கு என்ன உள்ளீடு போயிருக்கிறது என்றும் பாருங்கள். பதில் சரியாக வந்திருந்தும் தேதி ஒரு நாள் தள்ளிப் போயிருப்பது அங்கேதான் தெரியும்.