மிகோஷி: கைக்குள் அடங்காத கோயில்

ஜப்பானியத் திருவிழா பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் வசன வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். டோக்கியோவின் அசாகுசாவில் மே மாதம் மூன்றாவது வார இறுதியில் நடக்கும் சஞ்சா மத்சுரி. கருப்பு அரக்கும் பொன் தகடுமாக ஒரு குட்டிக் கோயில், கூரை உச்சியில் இறக்கை விரித்த பறவை. அடியில் நீளமான மரத்தண்டுகளுக்குத் தோள் கொடுத்தபடி ஒரு பெருங்கூட்டம். எடை ஏறக்குறைய ஒரு டன். கீழே வசன வரி: ‘கையடக்கக் கோயில் வருகிறது.’

யாருடைய கைக்குள் அடங்கும்? ஜப்பானியர் மிகோஷி என்று சொல்லும் இதை ஆங்கிலத்தில் ‘போர்ட்டபிள் ஷ்ரைன்’, அதாவது தூக்கிச் செல்லும் கோயில், என்பார்கள். மொழிபெயர்த்தவர் கையடக்கக் கணினி, கையடக்க வானொலி வரிசையில் சாமியையும் சேர்த்துவிட்டார். இலங்கையில் செல்போனுக்கே கையடக்கத் தொலைபேசி என்றுதான் பெயர். அங்கே இதைப் படிப்பவர் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். இந்தத் தவறை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை.

மிகோஷி என்ற சொல்லின் கதை சின்னது. ‘கொஷி’ என்றால் பல்லக்கு. ‘மி’ மரியாதை முன்னொட்டு, நம் ‘திரு’ போல. பெரும்பாலும் ‘கடவுள்’, ‘பல்லக்கு’ ஆகிய இரண்டு சீன எழுத்துகளால் எழுதுவார்கள். 749-இல், நாராவில் பெரிய புத்தர் சிலை வேலை நடந்த சமயத்தில், க்யூஷு தீவின் உசா கோயிலிலிருந்து ஹச்சிமான் தெய்வம் ஊதாநிறப் பல்லக்கில் வந்ததையே இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம்.

‘கையடக்கம்’ சிரிப்போடு போய்விடும். எனக்கு அதைவிட எரிச்சல் தருவது மிகோஷியைத் ‘தேர்’ என்று எழுதுவது. பொருத்தம் போலவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தேர் என்றால் சக்கரம் வேண்டும், வடம் வேண்டும். அப்படிப்பட்டது ஜப்பானிலும் உண்டு. அதற்குத் தனிப்பெயர் ‘தாஷி’. கியோட்டோவின் கியோன் திருவிழாவில் ஜூலை 17 காலையில் உயரமான தேர்கள் வரும். அவற்றின் சக்கரம் திரும்பாது. அதனால் தெருமுனையில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் இழுத்து வழுக்கவிட்டுத் திருப்புவார்கள். நாம் முட்டுக்கட்டை போட்டுச் செய்கிற வேலை. இதைத் தேர் என்றால் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் இந்தத் திருவிழாவுக்குரிய யாசகா கோயிலின் சாமிகள் அந்தத் தேர்களில் இல்லை. தேர்கள் தெருவைத் தூய்மைப்படுத்திவிட்டுப் போக, அன்று மாலைதான் சாமி புறப்பாடு, மூன்று மிகோஷிகளில். ஷிஜோ தெருவிலுள்ள தங்கலிடத்தில் இருந்துவிட்டு 24-ஆம் தேதி திரும்பும். இரண்டுக்கும் ‘தேர்’ என்றே எழுதினால், காலையில் போன சாமி மாலையில் எப்படி மறுபடியும் போகிறது என்று வாசகர் விழிக்க வேண்டியதுதான்.

சரி, வேறு என்ன சொல்வது? தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘காவுகோயில்’ என்றார். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியில் இருப்பது அதுதான். ஈழத்தில் இன்றும் ‘காவிக்கொண்டு போ’ என்பார்கள். இலக்கணம் சுத்தம். ஆனால் மதுரைக்காரர் காதில் காவு என்றால் கிடாய்தான் நினைவுக்கு வரும். அப்புறம் அவர் ‘சிவிகை’க்குத் தாவினார். பல்லக்கைப் போலவே சிவிகையும் வடசொல்தான். குறளில் வந்துவிட்டதால் தமிழாகத் தெரிகிறது, அவ்வளவே. சப்பரம் எனக்கே பிடித்த சொல். ஆனால் யாழ்ப்பாணத்தில் சப்பறம் என்றால் கோபுரம் போல உயர்ந்து நிற்கும், சக்கரத்தில் ஓடும். மறுபடியும் தேர்க் குழப்பம்.

என் தேர்வு ‘சாமிப்பல்லக்கு’. மூலச்சொல்லின் இரண்டு பாதியும் அப்படியே வந்துவிடுகின்றன. முதல்முறை ‘மிகோஷி என்னும் சாமிப்பல்லக்கு’ என்று எழுதிவிட்டு, பிறகு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ‘சாமி’ வடசொல் என்று நண்பர் முகம் சுளித்தார். சாமி ஊர்வலத்தை வேறு என்னவென்று சொல்கிறாராம்?

பல்லக்கு அசையாமல் போவது, மிகோஷியையோ ‘வாஷ்ஷோய்’ என்று கத்தி வேண்டுமென்றே குலுக்குகிறார்களே என்பது இன்னொரு ஆட்சேபம். ஆமாம், குலுக்கினால் உள்ளிருக்கும் தெய்வத்தின் ஆற்றல் கிளர்ந்தெழும் என்பது அங்கே நம்பிக்கை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் உற்சவர் நம்பெருமாள் சிங்கநடையான சிம்மகதி போடும்போது, அவரைச் சுமக்கும் தோளுக்கினியான் பல்லக்கு அசையாமலா இருக்கிறது? அங்கே தாங்குகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று அழகான பெயர் இருக்கிறது. மிகோஷி தூக்கிகளை ‘தன்னார்வலர்கள்’ என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ‘தாங்கி’ என்ற சொல் ஏன் தோன்றுவதில்லை? வருடக்கணக்கில் தூக்குகிறவர்களுக்குப் பிடரிக்குக் கீழே தோள் காய்த்துப் புடைத்திருக்கும். அந்தக் காய்ப்புக்குக்கூட ஜப்பானியர் ‘மிகோஷி தாகோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானிய மொழியில் ‘கொஷி’க்கு இடுப்பு என்றும் பொருள் உண்டு, ஒலி ஒன்று, எழுத்து வேறு. அந்தச் சிலேடையில் பிறந்த வழக்கு ‘மிகோஷியைத் தூக்குதல்’. நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் ஒருவழியாக இடத்தைவிட்டு எழுந்தார் என்று பொருள். நம் வசன வரிக்காரர் கையில் அது கிடைத்தால், விருந்துக்கு வந்த மாமா கையடக்கக் கோயிலைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.