ஆய்வேட்டோடு குடித்தனம் நடத்துபவர்கள்

கணவனோ மனைவியோ பிஎச்டி படிக்கும் வீட்டிலிருந்து ஆலோசனைக்கு வந்தால், படிப்பவரின் துணையைத்தான் நான் முதலில் பேசச் சொல்வேன். வீட்டில் இத்தனை நாளும் அவருடைய பேச்சு தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கும்.

"வீட்லதான் இருக்கார், ஆனா இல்ல" என்றார் ஒரு பெண். அவர் பேசப் பேச, பக்கத்தில் இருந்த கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக மனைவி என்ன சொன்னார் என்று கேட்டேன். பதில் வரவில்லை. கைடு திருப்பி அனுப்பிய அத்தியாயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஆள் எதிரில் இருக்க, மனம் மட்டும் இல்லாமல் போவதும் ஓர் இழப்புதான். பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970-களிலேயே 'தெளிவற்ற இழப்பு' என்று இதற்குப் பெயர் வைத்தார். துக்கப்படவும் முடியாது, புகார் சொல்லவும் வாய் வராது. நல்லதுக்குத்தானே படிக்கிறார்!

படிப்பவர் மீதும் பழி போட மாட்டேன். ஆய்வேட்டுக்கு 'இன்றைக்கு இவ்வளவு போதும்' என்ற நேரமே கிடையாது. 26 நாடுகளில் 2,279 பட்ட மேற்படிப்பு மாணவர்களிடம், பெரும்பாலும் பிஎச்டி படிப்பவர்களிடம், நடத்தி 2018-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 41 சதவீதம் பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான பதற்றம் இருந்தது. 39 சதவீதம் பேருக்கு அதே அளவு மனச்சோர்வு. அந்தச் சுமை வீட்டுக்குள்ளும் வரத்தான் செய்யும்.

உறவை அதிகம் அரிப்பது 'இந்த அத்தியாயம் முடியட்டும்' என்ற வார்த்தைதான். அத்தியாயம் முடியும், அப்புறம் திருத்தம் வரும், அப்புறம் கட்டுரை, அப்புறம் வாய்மொழித் தேர்வு. நாலாவது தடவை துணை கேட்பதையே நிறுத்திவிடுவார். சண்டை ஓய்ந்துவிட்டது என்று படிப்பவர் நிம்மதியாகிறார். எனக்கு அந்த அமைதிதான் பயம். தயவுசெய்து அதுவரை விடாதீர்கள். தேதி சொல்ல முடியாவிட்டால் முடியாது என்றே சொல்லுங்கள். தினமும் ஒரு நேரத்தில் மடிக்கணினியை மூடிவிடுங்கள், அரை மணி நேரத்துக்காவது. பணமும் வீட்டு வேலையும் யார் தலையில் விழுகின்றன என்று எழுதிப் பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம், நீங்கள் எதைத் தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்டேன். கைப்பேசியைத் திறந்து காட்டினார். ஒரு படிப்புக்கான விண்ணப்பம், பாதி நிரப்பியபடி இரண்டு வருடமாக அப்படியே இருந்தது. கணவர் அதை வாங்கி, முதலிலிருந்து நிதானமாகப் படித்தார். "இந்த வருஷம் கடைசித் தேதி எப்போ?" என்று கேட்டார்.