பாம்பன் தூணருகே நீர்த்துகள் ஏன் உடைகிறது?

பாம்பன் பாலத் தூணில் நீரோட்டம் மோதும்போது முன்பக்கம் தண்ணீர் சற்றே எழும்பும். பின்பக்கம் சுழிகள் இடமும் வலமுமாகக் கழன்று போகும். தூணின் காலடி மண்ணை அரிப்பதில் இந்தச் சுழிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இதைக் கணினியில் பிடிக்க உதவும் வழிகளில் ஒன்று எஸ்பிஎச் என்னும் துகள் முறை. 1977-ல் விண்மீன் ஆய்வுக்காகப் பிறந்த முறை இது. நீரைத் துகள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் அதன் அண்டைத் துகள்களை வைத்துக் கணக்கிடுவார்கள்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் என்று கணக்குக்கு ஒரு நீர்ப்பகுதியை எடுத்துக்கொள்வோம். எங்கும் 10 செ.மீ. துகள் என்றால் 4 கோடி ஆகிவிடும். தூணைச் சுற்றி 4 மீட்டர் சதுரத்தில் மட்டும் 10 செ.மீ., அதைச் சூழ 8 மீட்டர் சதுரம் வரை 20, மற்ற இடமெல்லாம் 40 என வைத்தால் சுமார் 8.35 லட்சமே போதும்.

40 செ.மீ. கனசதுரக் கடல்நீர் ஏறக்குறைய 65.6 கிலோ. முதல் எல்லையான 8 மீட்டர் சதுரத்துக்குள் நுழைந்ததும் அது 8.2 கிலோ எடையுள்ள 8 சேய்களாக உடையும். அடுத்த எல்லையில் ஒவ்வொரு சேயும் 1.025 கிலோத் துகள்கள் எட்டாகும். தாயின் வேகத்தையே சேய்களுக்கும் கொடுத்தால் நிறை, உந்தம், இயக்க ஆற்றல் மூன்றும் சிந்தாது. ஆனால் பெரியதும் சிறியதும் சந்திக்கும் விளிம்பில் கவனம் வேண்டும். பெரிய துகள் தூரத்து அண்டையையும் கணக்கில் சேர்க்கும், சிறியது சேர்க்காது. அப்போது ஒருபக்கத் தள்ளல் மட்டும் பதிவாகி, நியூட்டனின் மூன்றாம் விதி உடையும். அண்டையைத் தேடும் தூரமான வீச்சை இரண்டுக்கும் சராசரியாக்கி, இரண்டுக்கும் அதையே கொடுக்க வேண்டும். 40-லிருந்து நேரே 10-க்குத் தாவினால் விளிம்பில் போலி அழுத்தம் கிளம்பும்.

பலர் கோட்டைவிடுவது தூணின் முகப்பில். அங்கே நீர்த்துகளுக்கு அண்டை பாதிதான். அடர்த்தியும் பாதியாகத் தெரியும். அதற்காகத் தூணுக்குள் இரண்டு மூன்று அடுக்குப் போலித்துகள் வைப்பார்கள். நீரை 10-க்கு உடைத்துவிட்டு அவற்றை 40-லேயே விட்டால், பெரிய கண் வலையில் நெத்திலி நழுவுவதுபோல் நீர் தூணுக்குள் புகுந்துவிடும்.

தூணருகே உள்ள நுண்பகுதியை, அதாவது சிறு துகள் பகுதியை, விட்டு வெளியேறும் சேய்களை மீண்டும் ஒட்டுவது உடைப்பதைவிடக் கடினம். 1 கிலோத் துகள்கள் இரண்டு. ஒன்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது, மற்றது நிற்கிறது. சேர்த்தால் உந்தம் சரியாக வரும், ஆற்றலோ 2 ஜூலிலிருந்து 1 ஜூலாகும். சுழி இருக்கும் இடத்தில் இப்படிச் சேர்த்தால் சுழியே அடங்கிவிடும். எனவே தாயை அழிக்காமல், விசையில் பங்கெடுக்காத நிழலாக உடன் மிதக்கவிட்டு, வெளியே வந்ததும் அதை எழுப்பிச் சேய்களை நீக்குவதே மேல். நினைவகம் கூடுதலாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

நுண்பகுதியைச் சுழி போகும் திசையிலும் நீட்ட வேண்டும். பாம்பனில் பருவத்துக்குப் பருவம் ஓட்டம் திரும்புவதால் இரு பக்கமும் நீட்டுவது அவசியம். பக்கத்துக்கு 10 மீட்டர் நீட்டினாலும் மொத்தம் 17 லட்சம் துகள்தான்.