போலச்செய்வி: எமுலேட்டர் என்ற சொல்லும் இயங்குதளம் மாறும்போது அது தடுமாறும் இடங்களும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், எந்தத் தொழிலாளிக்கு எத்தனை கிராம் கட்டி வெள்ளி கொடுத்தோம், அது கொலுசாகத் திரும்பியபோது எடை எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்ற கணக்கை எல்லாம் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்தில் எழுதப்பட்ட சிறிய நிரல் ஒன்றிலேயே இன்றுவரை வைத்துவருகிறார். பழைய கணினியை மாற்றி விண்டோஸ் 11 உள்ள கணினியை வாங்கியதும் அந்த நிரல் திறக்க மறுத்துவிட்டது. புதிய கணினியைப் பழைய கணினிபோல நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை நிறுவினால் ஓடும் என்று நான் சொன்னபோது, "அதுக்குத் தமிழ்ல என்னங்க பேரு?" என்று கேட்டார். உடனே என்னால் விடை சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'எமுலுஸ்' என்றால் போட்டியாளன், ஒருவனுக்கு நிகராக வர முயல்பவன் என்று பொருள். அதிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த வினைச்சொல், ஒருவரைப் பின்பற்றி அவருக்கு இணையாகவோ மேலாகவோ செய்வதைக் குறித்தது. கணினித் துறைக்குள் இச்சொல்லை நிலைபெறச் செய்தது 1960களின் ஐபிஎம் நிறுவனம். 1964 ஏப்ரல் 7 அன்று அது அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக் கணினிகள், அந்நிறுவனத்தின் முந்தைய கணினிகளோடு உள்ளமைப்பில் சற்றும் ஒத்துப்போகாதவை. 1401 போன்ற பழைய கணினிகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்து நிரல்களை எழுதிவைத்திருந்த வாடிக்கையாளர்கள் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுத விரும்பவில்லை. ஆகவே புதிய கணினியின் உள்ளேயே பதிக்கப்பட்ட அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான நுண்நிரலிலும் வன்பொருளிலும் சில ஏற்பாடுகளைச் செய்து, பழைய கணினியின் கட்டளைகளை அதுவே ஏற்று நிறைவேற்றும்படி ஆக்கினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயரே எமுலேட்டர். முழுக்க மென்பொருளாலேயே ஆன எமுலேட்டர்கள் பரவலானது பிற்காலத்தில்தான். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரரின் தேவையும் 1964ஆம் ஆண்டு வாடிக்கையாளரின் தேவையும் ஒன்றே என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணக்கு பழையது, பொறி புதியது, கணக்கை மாற்ற முடியாது.

சிமுலேட்டர் என்பது வேறு. விமான ஓட்டிப் பயிற்சிக்கான சிமுலேட்டர், விமானம் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டுமே தவிர யாரையும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுசேர்க்காது. எமுலேட்டரோ மூலப்பொறி செய்த வேலையை உண்மையாகவே செய்து முடிக்க வேண்டும். பட்டறைக் கணக்கில் 412 கிராம் என்று பதிந்தால் கோப்பில் 412 கிராமாகவே அது ஏற வேண்டும். ஆப்பிள் நிறுவனம் ஐபோன் ஆப்களைச் சோதிக்கத் தரும் கருவிக்குச் சிமுலேட்டர் என்றும், கூகுள் ஆண்ட்ராய்டுக்குத் தரும் கருவிக்கு எமுலேட்டர் என்றும் பெயரிட்டிருப்பது இந்த வேறுபாட்டை ஒட்டித்தான். தமிழில் சிமுலேஷனுக்குப் பாவனையாக்கம் என்ற சொல் வழங்குகிறது. அதையே எமுலேஷனுக்கும் வைத்தால் இரண்டும் குழம்பும்.

அப்படியானால் எமுலேட்டருக்கு எந்தச் சொல்? 'முன்மாதிரி' பொருந்தாது, அது பின்பற்றப்படுவதைக் குறிக்கும் சொல். நமக்கு வேண்டியது பின்பற்றுவதன் பெயர். 'போன்மி' அழகான சொல்தான், ஆனால் இணையத்தில் உலவும் மீம் படங்களுக்கு அது உரிமையாகிவிட்டது. இலத்தீன் வேருக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் 'உறழ்'. நன்னூல் சொல்லும் உவம உருபுகளில் போல என்பதோடு உறழ என்பதும் ஒன்று. உறழ்தல் என்றால் ஒத்திருத்தல் என்றும் பொருள், மாறுபட்டுப் போட்டியிடுதல் என்றும் பொருள். இலத்தீன் சொல் இரண்டையும் சேர்த்துச் சொன்னதைத் தமிழும் ஒரே வினையில் வைத்திருப்பதைக் கண்டபோது பெருமகிழ்ச்சி அடைந்தேன். ஆயினும் உறழி என்று நான் சொன்னால் பட்டறை நண்பருக்குப் புரியாது, விளக்கத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்படும்.

இலக்கணத்தில் வரும் 'போலி' என்ற கலைச்சொல்லை விட்டுவிட எனக்கு மனமே இல்லை. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பது போலி. ஐந்து என்ற சொல்லின் எல்லா எழுத்துகளும் மாறி அஞ்சு என்று ஆவது முற்றுப்போலி. எங்கள் ஊரில் ஐந்து ரோட்டுக்குப் போக வேண்டியவர் யாராக இருந்தாலும் பேருந்தில் ஏறி அஞ்சு ரோடு என்றுதான் சீட்டு வாங்குவார், சரியான இடத்தில்தான் இறங்குவார். எழுத்தெல்லாம் வேறு, போய்ச்சேரும் இடம் ஒன்று. எமுலேட்டர் தரும் வாக்குறுதி இதுவேதான். ஆனால் பேச்சு வழக்கில் போலி என்பதற்குக் கள்ளப்பொருள் என்ற பொருள் ஏறிவிட்டதால், போலி மென்பொருள் என்றால் திருட்டுப் பிரதி என்றே எவரும் கொள்வர்.

ஆகவே நான் 'போலச்செய்வி' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். செய் என்பது தன்வினை, செய்வி என்பது பிறவினை. இந்த மென்பொருள் புதிய கணினியைப் பழைய கணினியைப் போலச் செய்விக்கிறது. இச்சொல்லில் இன்னொரு நன்மையும் உண்டு. எதைப் போல, எதைக்கொண்டு என்ற இரண்டு கேள்விகளை அது கேட்கவைக்கிறது. போலச்செய்யப்படும் பழைய பொறி ஒரு பக்கம், அதைத் தாங்கி நிற்கும் புதிய இயங்குதளம் மறுபக்கம். இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் கோளாறு வந்தால் முதல் பக்கத்தில் எதுவும் மாறியிருக்காது. பழைய நிரலையோ அதன் கோப்புகளையோ அழித்து மீண்டும் நிறுவ முற்படுவது, கெடாத பக்கத்தைக் கெடுப்பதாகவே முடியும். கோப்புகளை நகலெடுத்துத் தனியே வைத்துவிட்டு, தாங்கும் பக்கத்தைத்தான் ஆராய வேண்டும்.

பட்டறை நிரல் நின்றதன் காரணம் எளியது. அது 16 பிட் நிரல், அதாவது பழைய தலைமுறைச் செயலிகளுக்காக (பிராசஸர்) எழுதப்பட்டது. விண்டோஸின் 32 பிட் பதிப்புகளில் டாஸ் நிரல்களுக்கான துணை அமைப்பு ஒன்று உள்ளேயே இருந்தது. 64 பிட் பதிப்புகளில் அது கிடையாது. செயலி 64 பிட் நிலையில் இயங்கும்போது அந்த அமைப்புக்கு வேண்டிய பழைய முறைமை கிடைக்காது என்பதே அதற்குக் காரணம். விண்டோஸ் 10க்கு 32 பிட் பதிப்பு இருந்தது, அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை. ஆகவே அமைப்புகளில் எதை மாற்றினாலும் பழைய நிரல் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற போலச்செய்வி, பழைய செயலியையே மென்பொருளாகக் கட்டி எழுப்புவதால் இந்தத் தடை அதற்கு இல்லை. ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது, அச்சுப்பொறிக்கு அனுப்பும் வசதி அதில் இல்லை. சிட்டை அச்சிட வேண்டிய கடைகளுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளைப்பதிப்பே ஏற்றது.

ஆண்ட்ராய்டு போலச்செய்விகளின் கோளாறு வேறு வகையினது. வேகத்துக்காக அவை, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க உதவும் மெய்நிகராக்க வசதியைச் செயலியிலிருந்து நேரடியாகப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இயங்கும்போது அதே வசதியை இயங்குதளம் தனக்கென எடுத்துக்கொள்கிறது. போலச்செய்விகளின் பழைய பதிப்புகள் அப்போது திறக்காமல் நிற்கும் அல்லது மிக மெதுவாக நகரும். பாதுகாப்பை அணைத்துவிடுங்கள் என்று பலர் எளிதாக அறிவுரை கூறுவதை நான் ஏற்கவில்லை. வங்கிப் பணப்பரிமாற்றமும் நடக்கும் கணினியில் ஒரு விளையாட்டுக்காக அதைச் செய்வது தவறு. விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் என்ற விருப்பக்கூற்றை இயக்கி, அதனோடு ஒத்துழைக்கும் புதிய பதிப்பை நிறுவுவதே முறை.

திரை மட்டும் கறுப்பாக, ஒலி வந்தபடி இருந்தால் திரைக்காட்சியை நடத்தும் மென்பொருளான வரைகலை இயக்கியைப் (டிரைவர்) பாருங்கள். மேம்படுத்தலின்போது சில கணினிகளில் அடிப்படைக் காட்சி இயக்கி ஒன்று வந்து அமர்ந்துவிடும். படம் வரையும் கட்டளைத் தொகுப்பான ஓபன்ஜிஎல்லில் பழைய 1.1 பதிப்புக்கு மேல் எதுவும் அதனிடம் இராது, போலச்செய்விக்கு அது போதாது. வரைகலை அட்டையைச் செய்தவர்களின் இயக்கியை நிறுவினால் திரை திரும்பும். போலச்செய்வியையும் புதுப்பிக்கிறீர்கள் என்றால், அதற்குமுன் உள்ளே ஓடும் நிரலின் சொந்தச் சேமிப்பு வழியாக வேலையைச் சேமித்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நிலையை அப்படியே பதிந்து போலச்செய்வி எடுத்துவைக்கும் கணநேர நிலைப்படத்தை அதன் அடுத்த பதிப்பு படிக்காமல் போகலாம்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருளைப் போலச்செய்வி என்று அழைப்பது பிழை. அதன் பெயரின் விரிவே 'வைன் ஒரு எமுலேட்டர் அல்ல' என்பதுதான். விண்டோஸ் நிரல் இயங்குதளத்திடம் கேட்கும் அழைப்புகளை லினக்ஸ் அழைப்புகளாக அது மாற்றித் தருகிறது, செயலியைப் போலச் செய்விப்பதில்லை. அதற்குப் 'பெயர்ப்பி' பொருந்தும். எமுலேஷன் என்பதற்குப் போலச்செய்வித்தல் என்று எழுதலாம். பட்டறை நண்பர் தம் கணினித் திரையில் இருந்த சின்னத்தின் (ஐகான்) கீழ் 'போலச்செய்வி' என்று என்னையே தட்டச்சு செய்யச் சொன்னார். அதைச் சொடுக்கித்தான் இப்போது அன்றாட வெள்ளிக் கணக்கைத் திறக்கிறார்.