கைரோபிராக்டிக் என்பது உடலியக்க சிகிச்சையா?

‘ஒற்றைத் தலைவலிக்கு உடலியக்க சிகிச்சை’ என்று ஒரு தலைப்பு. உள்ளே போனால், கழுத்தைப் பிடித்து ஒரே வெட்டில் திருப்பி ‘டக்’ என்று சத்தம் வரவைக்கும் கைரோபிராக்டிக் பற்றிய கட்டுரை. ஒருமுறை பார்த்தால் மொழிபெயர்ப்புக் கருவி செய்த கோளாறு என்று விட்டுவிடலாம். விளம்பரம், நலவாழ்வுக் கட்டுரை, காணொளித் தலைப்பு என்று திரும்பிய பக்கமெல்லாம் அதே ‘உடலியக்க சிகிச்சை’, ‘உடலியக்க நிபுணர்’. இப்போது மனிதர்களும் கருவியைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். இப்படியே போனால் அகராதியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கைரோபிராக்டிக் என்ற சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ‘கெயிர்’ என்றால் கை. ‘பிராக்டிகோஸ்’ என்றால் செயல் சார்ந்தது. ஒட்டினால் கையால் செய்வது, அவ்வளவுதான். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுப் பணியாளருக்குக் காது மந்தம். அவர் முதுகில் புடைத்திருந்த முள்ளெலும்பைத் தான் அழுத்தித் தள்ளியதும் காது கேட்கத் தொடங்கியது என்று பால்மர் சொன்னார். முறை அவருடையது, பெயர் அவருடையது அல்ல. அவருக்குத் தெரிந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார் கிரேக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்தது. நோய்களில் 100-க்கு 95 முள்ளெலும்பு இடம் பிசகுவதால் வருகிறது என்று அடித்துச் சொன்ன பால்மர், உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்த வழக்கில் 1906-இல் சிறைக்கும் போனார்.

‘கைரோ’ என்பதன் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு, கிரேக்கர்கள் நம் ‘கை’யைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம். அது தற்செயல் ஒலியொற்றுமை. ‘சிரோபிராக்டிக்’ என்று எழுதுகிறவர்கள் ஆங்கில எழுத்தைக் கண்ணால் மட்டும் படித்தவர்கள். அங்கே முதல் ஒலி ககரம்தான்.

இனி சண்டைக்கு வருவோம். ‘உடலியக்கம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. இதயம் எப்படித் துடிக்கிறது, சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று உடம்பின் செயல்பாட்டைச் சொல்லும் துறையை உடலியக்கவியல், உடலியங்கியல் என்று எழுதி வந்திருக்கிறோம். இலங்கையில் அது உடற்றொழிலியல். ஆக, உடலியக்க சிகிச்சை என்றதும் தமிழ் வழியில் அறிவியல் படித்தவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் துறை. அதற்கும் கழுத்தைத் திருப்புவதற்கும் என்ன உறவு?

அது போகட்டும், பாடநூலை யார் நினைவு வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். இதைவிடப் பெரிய வம்பு பிசியோதெரபியோடு. அதற்குத் தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவம் என்ற சொல் அரசு மருத்துவமனைப் பலகை வரை வந்து நிலைத்துவிட்டது. இலங்கையில் இயன் மருத்துவம் என்கிறார்கள். இந்தியாவில் 2021-இல் வந்த ஒன்றியச் சட்டம் பிசியோதெரபியைச் சார்பு மருத்துவத் துறைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. ‘இயன்முறை’யும் ‘இயக்க’மும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பக்கவாதம் வந்த தந்தையைக் கைகால் அசைக்கப் பழக்குவதற்காக அழைத்துச் செல்லும் மகளுக்கு, உடலியக்க நிபுணர் என்ற பலகை எதைச் சொல்லும்? இயன்முறை மருத்துவர் என்றுதான் நினைத்து உள்ளே போவார். இரண்டும் வேறு படிப்பு, வேறு கொள்கை, வேறு வரலாறு. ஒன்றின் பெயர்ச்சாயலை இன்னொன்றுக்குப் பூசிவிடுவது மொழிபெயர்ப்பு ஆகாது. தெரிந்து செய்தால் ஏமாற்று, தெரியாமல் செய்தால் சோம்பல்.

பொருளாவது பொருந்துகிறதா என்றால் அதுவும் இல்லை. இயக்கம் என்றால் இயங்குபவர் ஒருவர் வேண்டும். கைரோபிராக்டிக் மேசையில் படுத்திருப்பவர் எதையும் இயக்குவதில்லை. உடம்பைத் தளர விட்டுக் கிடக்கிறார். மூட்டை அதன் வழக்கமான எல்லைவரை கொண்டுபோய், அங்கிருந்து சட்டென்று சிறு தொலைவுக்கு ஒரு தள்ளு. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குழி உண்டாகும்போது அந்தச் சத்தம் வருகிறது. எலும்பு ‘இடத்தில் உட்கார்ந்த’ சத்தம் அன்று அது. விரலைச் சொடக்கு எடுக்கும்போது கேட்கிற அதே சத்தம்தான்.

உடலியக்கத்தைத் தூக்கி எறிந்தால் மாற்று என்ன? தனித்தமிழ் அன்பர்கள் வேரை அப்படியே பெயர்க்கச் சொல்வார்கள். பெயர்த்துப் பாருங்கள். கை, செயல்: கைவினை! தஞ்சாவூர்த் தட்டும் பத்தமடைப் பாயும் விற்கும் கடைக்குப் போய்விடும் நம் தலைவலிக்காரர். சரி, கைவைத்தியம்? அது சுக்குக் கஷாயமும் பற்றும். கைமருத்துவம் என்றாலும் பாட்டிதான் வந்து நிற்பார். வேர்ச்சொல்லைப் பெயர்ப்பதே சரியான வழி என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. அறுவை சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘சர்ஜரி’ என்ற சொல்லும் இதே ‘கெயிர்’ என்ற வேரிலிருந்து வந்ததுதான், அதற்கும் மூலப்பொருள் கைவேலை. நம் முன்னோடிகள் அதைக் கைவேலை என்று பெயர்க்கவில்லை. அங்கே நடப்பது அறுப்பது, அறுவை என்றார்கள். கிரேக்கன் எதை நினைத்தான் என்று தேடாமல் மேசைமேல் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

‘தண்டுவட சிகிச்சை’ என்று ஒரு கட்சி இருக்கிறது. தண்டுவடம் என்பது முதுகெலும்புக்கு உள்ளே ஓடும் நரம்புக் கற்றை, இலங்கைத் தமிழில் முண்ணாண். அதில் கை வைத்தால் ஆள் எழுந்து நடக்கமாட்டார். இவர்கள் தொடுவது முதுகெலும்பை, இலங்கையில் முள்ளந்தண்டு என்பதை. இந்த இரண்டையும் குழப்புகிற மொழிபெயர்ப்பாளர் மருத்துவக் கட்டுரையின் பக்கமே வரக்கூடாது என்பது என் கட்சி.

‘வர்மம்’ என்று சொல்வோரும் உண்டு, பெருமிதத்தோடு. குமரி மாவட்டத்து ஆசான்களின் வர்மம் வேறு உலகம். அதற்கென்று ஏடுகள், புள்ளிகளின் பெயர்கள், அடிமுறை என்ற தற்காப்புக் கலையோடு பிணைந்த பயிற்சி எல்லாம் இருக்கின்றன. பால்மருக்கு வர்மம் தெரியாது, ஆசானுக்குப் பால்மர் தேவையில்லை. ‘எலும்பு வைத்தியம்’ என்றால் ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டுதான் நினைவுக்கு வரும். அது எலும்பு முறிவுக்கு. இலங்கையில் முறிவு நெரிவு வைத்தியம் என்று அழகாகச் சொல்கிறார்களே, அதுவும் அதற்குத்தான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தொழிலின் பெயரும் அதில் நடக்கும் செயலின் பெயரும் வேறு. தொழிலுக்குக் கைரோபிராக்டிக் என்றே இருக்கட்டும். ஒரு மனிதர் கட்டியெழுப்பிய கொள்கையின் பெயர் அது. ஹோமியோபதியை அப்படித்தான் வைத்திருக்கிறோம், தமிழ் ஒன்றும் கெட்டுவிடவில்லை. செயலுக்கு மட்டும் நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது: நெட்டி முறித்தல். சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பி விடுவார்களே, அதற்கு எந்த ஊரிலும் விளக்கம் தேவைப்பட்டதில்லை. எழுத்தில் கொஞ்சம் துல்லியம் வேண்டுமானால் ‘முள்ளெலும்பு நெட்டிமுறிப்பு’, கழுத்தில் செய்தால் ‘கழுத்து நெட்டிமுறிப்பு’. மதிப்பாக இல்லையே என்று முகம் சுளிப்பார்கள். அறுவை மட்டும் என்ன மதிப்பான சொல்லா? தக்கை போன்ற தண்டில் பொம்மை செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலையோடு குழம்பும் என்றும் ஒரு நண்பர் சொன்னார். அந்த நெட்டியை யாரும் முறிப்பதில்லை.

கைரோபிராக்டர்கள் ஆங்கிலத்தில் இந்தச் செயலுக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘சரிசெய்தல்’ என்று எழுதுகிறார்கள். அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. சரிசெய்வது என்றால் ஏதோ கோணலாகக் கிடந்தது என்று வாசகர் ஒப்புக்கொண்டாயிற்று. அவர்கள் சொல்லும் முள்ளெலும்புப் பிசகு, எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயில் காட்டும் மூட்டு விலகல் போன்றதன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘சப்லக்சேஷன்’ என்று பெயர் மட்டும் ஒன்று. ஏற்கெனவே நம் ஊரில் முதுகு வலித்தாலே ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தப் பயத்துக்கு மேல் ‘எலும்பு விலகல், சரிசெய்தல்’ என்று எழுதினால் வியாபாரம் நடக்கும், விளக்கம் நடக்காது.

தலைவலி என்று வரும்போது பெயர் இன்னும் முக்கியம். கழுத்தின் மேற்பகுதியில் உள்ள மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலியும், முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் வலியும் கழுத்தின் உச்சியில் ஒரே நரம்புத் திரளில் போய்ச் சேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் உள்ள கோளாறு நெற்றியில் வலியாகத் தெரியலாம். இந்தக் கழுத்துவழித் தலைவலிக்குக் கைகொண்டு செய்யும் சிகிச்சை ஓரளவு உதவலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஒற்றைத் தலைவலி வேறு. அது மூளையும் அந்த முக்கிளை நரம்பும் சம்பந்தப்பட்ட நோய். நார்வேயில் ஒற்றைத் தலைவலி உள்ள 104 பேரை மூன்று அணியாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஓர் அணிக்கு உண்மையான நெட்டிமுறிப்பு, ஓர் அணிக்குச் செய்வதுபோல் நடிக்கும் பாவனைச் சிகிச்சை, மூன்றாவது அணிக்கு வழக்கமான மருந்து மட்டும். சிகிச்சை முடிந்தபோது மூன்றிலும் வலி நாட்கள் குறைந்திருந்தன. உண்மையான அணிக்கும் பாவனை அணிக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பலன் பெரும்பாலும் நம்பிக்கையால் வந்தது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இன்னொன்று. மூளைக்குப் போகும் இரு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். கழுத்து நெட்டிமுறிப்புக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் சொன்னது. கிழிசலே முதலில் கழுத்து வலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படும். அந்த வலிக்காகவே சிலர் நெட்டி முறிக்கப் போயிருக்கலாம் என்பது சிக்கல். அரிதான ஆபத்துதான். ஆனாலும் கழுத்தைத் திருப்பப் போகிறார்கள் என்று பெயரிலேயே தெரிந்தால்தான் ஒருவர் ‘எனக்கு இது செய்யலாமா’ என்று கேட்க முடியும். ‘உடலியக்க சிகிச்சை’ என்ற பெயரைக் கேட்டு யார் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்?

கழுத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். இணையத் தமிழில் ‘கர்ப்பப்பை வாய் முதுகெலும்பு’ என்று ஒன்று உலவுகிறது. லத்தீனில் ‘செர்விக்ஸ்’ என்றால் கழுத்து. கருப்பையின் குறுகிய கழுத்துப்பகுதிக்கும் அதே பெயர். கருவிக்கு இரண்டாவது மட்டும் தெரியும், பதிப்பாசிரியர் படித்தே பார்க்கவில்லை. ஆண்களுக்கெல்லாம் கர்ப்பப்பை வாயில் தேய்மானம் வந்து, அதனால் தலைவலியும் வருகிறது! சிரித்துவிட்டு நகரலாம் என்றால், நோயாளி கையில் கொடுக்கும் துண்டறிக்கையிலும் இது வந்துவிட்டது.

‘ஒற்றைத் தலைவலி’யை மட்டும் விட்டுவிடுகிறேன். அதற்கும் குறை உண்டு. ‘மைக்ரேன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலமான ‘ஹெமிகிரானியா’ பாதி மண்டை என்கிறது, ஆயுர்வேதத்தின் அர்த்தாவபேதகமும் பாதியைத்தான் சொல்கிறது. ஆனால் இன்றைய மருத்துவ வரையறையில் ஒரு பக்க வலி கட்டாயம் இல்லை. பலருக்கு இரு பக்கமும் வலிக்கும். ‘எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது, அதனால ஒத்தத் தலைவலி இல்ல’ என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை இருந்தாலும் சொல் மக்களுடையது, வீட்டு வாசல்வரை போய்ச் சேர்ந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டியதில்லை. விளக்கம் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கடைசியாக ஆளின் பெயர். ‘உடலியக்க மருத்துவர்’ என்று எழுதாதீர்கள் என்றால், உடனே ‘கைரோபிராக்டிக் மருத்துவர்’ என்று திருத்துகிறார்கள். அமெரிக்காவில் அவர்கள் பெறும் பட்டத்தில் டாக்டர் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது மருத்துவப் பட்டம் அன்று. தனிப் பள்ளி, தனி உரிமம். தமிழில் மருத்துவர் என்று எழுதினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். கைரோபிராக்டர் என்று எழுதுங்கள், போதும்.