12 போர், 8 போர், 4 போர்: துப்பாக்கியில் ‘போர்’ என்பது எதன் கணக்கு?

வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் துப்பாக்கி உரிமத்தில் பெரும்பாலும் ‘12 போர், டி.பி.பி.எல்.’ என்று இருக்கும். அந்த நான்கு எழுத்துகள் எளிது: இரட்டைக்குழல், பின்புறமாகத் தோட்டா இடுவது. முன்னால் நிற்கும் 12தான் குழப்பும். அது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. 8 போர் அதைவிடச் சின்னது என்று நினைத்தால் அதுவும் தப்பு. 8 பெரிது, 4 இன்னும் பெரிது.

சண்டையைக் குறிக்கும் போருக்கும் வைக்கோல் போருக்கும் இதோடு உறவில்லை. தோட்டத்தில் ‘போர் போட்டாச்சு’ என்கிறோமே, அந்த போர்தான் இது. துளையிடுவதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினை, துளைத்ததால் உண்டான உட்கூட்டுக்கும் பெயராகி, அங்கிருந்து அந்தக் கூட்டின் அளவுக்கும் பெயரானது. கிணற்றில் கணக்கு நேராக இருக்கிறது: ஆறரை அங்குல போர், நாலரை அங்குல போரைவிட அகலம். துப்பாக்கியில் அது தலைகீழாகப் போனதற்குக் காரணம் தராசு.

உட்துளையைத் துல்லியமாக அளக்கக் கருவி இல்லாத காலத்தில் ஈயக் குண்டை எடை போடுவதே சுலபம். பீரங்கிகளை அவை வீசும் குண்டின் எடையால், ஆறு பவுண்டு, பன்னிரண்டு பவுண்டு என்று அழைத்தார்கள். தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கியின் குண்டு ஒரு பவுண்டுகூடத் தேறாது. அதனால் கணக்கைத் திருப்பினார்கள்: ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான எத்தனை உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை இந்தக் குழலுக்குள் சரியாக உட்காரும்? பன்னிரண்டு என்றால் 12 போர், உருண்டை 37.8 கிராம். எட்டு என்றால் 8 போர், 56.7 கிராம். நான்கு என்றால் 4 போர், 113.4 கிராம், அதாவது 4 அவுன்ஸ். நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் காலத்தில் ‘நாலு அவுன்ஸ் குண்டு’ என்று சொன்னாலே துளையின் அளவு கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு பவுண்டு ஈய உருண்டையின் விட்டம் 1.669 அங்குலம். போர் எண்ணின் கனமூலத்தால் இதை வகுத்தால் துளையின் விட்டம் வந்துவிடும். 8இன் கனமூலம் 2; ஆகவே 8 போர் சரிபாதி, 0.835 அங்குலம், 21.2 மி.மீ. 10 போர் 19.7 மி.மீ., 12 போர் 0.729 அங்குலம் அல்லது 18.5 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ. 4 போர் கணக்குப்படி 26.7 மி.மீ.; பழைய துப்பாக்கிகள் பலவற்றில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ‘நானூற்றுப் பத்து’ என்பது மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராதது. அது நேரடியாக 0.410 அங்குலம். போர் கணக்கில் சொல்வதானால் 67 என்று வரும், யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘12 துளைத் துப்பாக்கி’ என்று எழுதினால் பன்னிரண்டு ஓட்டை உள்ள துப்பாக்கி என்றுதான் படும். ‘12 விட்டம்’ தப்பு, எண் விட்டத்தைச் சொல்லவில்லை. உள்கூடான குழலுக்கு நம்மிடம் ‘புழை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. யானையின் துதிக்கை புழைக்கை. (ஆலப்புழை நினைவுக்கு வந்தால், அங்கே புழை என்பது ஆறு.) துப்பாக்கியின் உட்கூட்டைப் புழை என்றும், மில்லிமீட்டரில் அளந்ததைப் புழைவிட்டம் என்றும், 12, 8, 4 என்ற பெயரெண்ணைப் புழையெண் என்றும் பிரித்துச் சொன்னால் சிக்கல் தீரும். பேச்சில் ‘12 போர்’ இருக்கட்டும், அதை மாற்ற முயல்வது வீண் வேலை. பட்டியலும் விவரக் குறிப்பும் எழுதும்போது மூன்றையும் பிரித்தே எழுத வேண்டும். ஏனென்றால் பழைய துப்பாக்கியில் இந்த மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம்.

ஒரே 12 போர் குழலை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். வாய்ப்பக்கம் வெர்னியர் காலிப்பரை நுழைத்தால், முழு சோக் உள்ள குழலில் சுமார் 0.689 அங்குலம் காட்டும். ரவை, அதாவது தோட்டாவிலுள்ள சிறு ஈயக் குண்டுகள், சிதறாமல் போக வாயை ஆயிரத்தில் 40 பங்கு அங்குலம் நெருக்கியிருப்பார்கள்; அதுதான் சோக். அந்த அளவை நம்பினால் 14 போர் என்று முடிவு கட்டுவீர்கள். பின்பக்கம் தோட்டா அறையில் அளந்தால் 0.80 அங்குலத்துக்கு மேல், ஏறத்தாழ 9 போர். இரண்டும் பொய். பின்முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே, புழை அளவியால் எடுப்பதுதான் கணக்கு. குழல் அழுத்தத்தைத் தாங்குமா என்று சுட்டுப் பார்க்கும் பிரிட்டனின் சோதனை விதிகளும் அந்த இடத்தைத்தான் கேட்கின்றன.

லண்டன், பர்மிங்காம் சோதனைச்சாலைகளின் முத்திரைகள் குழலின் அடியில், பின்முனையை ஒட்டிய தட்டையான பகுதியில் இருக்கும். பார்க்கக் குழலைக் கழற்ற வேண்டும். 12 போர் என்று விற்ற துப்பாக்கியில் ‘13’ என்று குத்தியிருந்தால் பதற வேண்டாம். சோதனைக்கு வந்த நாளில் 0.710 அங்குல அளவுகோல் உள்ளே போனது, அடுத்த அளவுகோல் போகவில்லை என்றுதான் அர்த்தம். 1887 முதல் சாய்சதுரத்துக்குள் 12, அதன்கீழ் சி என்ற ஆங்கில எழுத்து வந்தது. அது தோட்டா அறைக்கான எண், புழைக்கான எண் அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

அந்த ‘13’ ஏன் முக்கியம்? இன்று அதே இடத்தில் 0.729 காட்டினால், இடையில் யாரோ துருக்குழிகளைத் தேய்த்து எடுக்கப் புழையை ஆயிரத்தில் 10 முதல் 19 பங்கு அங்குலம் வரை அகலமாக்கியிருக்கிறார்கள். ஆயிரத்தில் 10 பங்கைத் தாண்டினாலே பழைய சோதனை முத்திரை செல்லாது. மறுசோதனை இல்லாமல் பிரிட்டனில் அதை விற்பது சட்டப்படி குற்றம். தேய்ந்தது உலோகம், ஆகவே சுவரின் தடிமனையும் பாருங்கள். 12 போர் குழலில் ஆயிரத்தில் 20 பங்கு அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கீழே எங்கும் இறங்கக் கூடாது என்பது தொழிலில் வழக்கமான எல்லை. உள்ளே கண்ணாடிபோல் மின்னும் பழைய குழல்தான் அதிகச் சந்தேகத்துக்குரியது.

இனி நெடுங்குழல். வழக்கமான 12 போர் இரட்டைக்குழல் 28 அல்லது 30 அங்குலம் இருக்கும். இங்கிலாந்தின் கிழக்குக் கரைச் சேற்றுவெளிகளில், எசெக்ஸ் கழிமுகங்களிலும் வாஷ் குடாவிலும், வாத்தும் கடல்வாத்தும் சுடச் செய்த பெரும்புழைத் துப்பாக்கிகள் 36 அங்குலம், சில 40ஐத் தாண்டும். பழைய வெடிமருந்தான கருமருந்து எரிந்து தீர நீளம் வேண்டும் என்ற நம்பிக்கை ஒரு காரணம். புகையில்லா மருந்துக்கு அந்த நியாயம் கிடையாது, ஆனால் நீண்ட குழல் பறவையோடு சீராகத் திரும்பும், பார்வைக்கோடும் நீளும். எடைக்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு: ரவையின் எடையைப் போல 96 மடங்கு இருந்தால் தோள் தாங்கும். 1⅛ அவுன்ஸ் ரவைக்கு 6¾ பவுண்டு. 8 போரின் 2½ அவுன்ஸுக்கு 15 பவுண்டு. 4 போரில் 3½ அவுன்ஸ் என்றால் 21 பவுண்டு, ஒன்பதரை கிலோ. இரட்டைக்குழல் 4 போர் ஏன் அரிது, ஏன் அந்த விலை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நீளத்தை நம்பி விலை கொடுப்பதால், வெட்டிய குழல்தான் பெரிய மோசடி. பின்முனையில் குழல்கள் தடித்திருப்பதால் இரண்டும் முன்னோக்கி நெருங்கியே வரும்; வாயில் ஒட்டினாற்போல் நிற்கும். வாயில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்து, அதில் ஈயப்பற்று பூசியிருந்தால் வெட்டியிருக்கிறார்கள். சோக்கும் அதோடு போயிருக்கும். நெடுங்குழலின் இன்னொரு நோய், இரண்டு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டை விட்டுப்போவது. குழல்தொகுதியை மட்டும் கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, மரக்குச்சியால் தட்டுங்கள். கோயில் மணிபோல் ஒலித்து அடங்கினால் பற்று உறுதி. தகரம் தட்டினாற்போல் கரகரத்தால் பட்டைக்கடியில் ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப்பிடித்திருக்கலாம்.

கருமருந்துச் சோதனை மட்டும் பெற்ற குழலில் இன்றைய தோட்டா போடக் கூடாது. முறுக்கிய இரும்பும் எஃகும் சேர்த்து அடித்த டமாஸ்கஸ் குழல் என்றால் இன்னும் கவனம். பழைய 12 போரின் தோட்டா அறை 2½ அங்குலம். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 2¾. உள்ளே நுழையும், மூடவும் செய்யும். சுட்டதும் விரியும் வாய்மடிப்பு குறுகலில் சிக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். பித்தளைத் தோட்டாவில் சுவர் மெல்லியது, ஆகவே மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் தக்கை 12 போருக்கு 10 போர் அளவில் வேண்டும். 12 தக்கை தளர்ந்து வாயு முன்னே ஓடிவிடும்.

அமெரிக்காவில் 1918 முதல் வலசைப் பறவைகளைச் சுட 10 போரைவிடப் பெரிய துப்பாக்கி கூடாது என்றானதும் 8 போர்கள் அலமாரிக்குப் போயின. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வாயின் உள்விட்டம் 1¾ அங்குலத்தைத் தாண்டாதவரை விட்டுவைத்திருக்கிறது, அதனால் அங்கே 8, 4 இரண்டும் இன்னும் கரைக்கு வருகின்றன.

விவரக் குறிப்பில் எழுதும் வரி இப்படி இருக்கலாம்: இரட்டைக்குழல், புழையெண் 8, புழைவிட்டம் 9 அங்குலத்தில் வலது 0.837, இடது 0.836, தோட்டா அறை 3¼ அங்குலம், குழல் 36 அங்குலம், வாய் வெட்டப்படாதது, கருமருந்துச் சோதனை மட்டும்.